இழுப்பறையில் உறங்கும் கணினிப் பலகை: வாசகர் கேள்வி – பதில்

ராஸ்பெரி பை போன்ற, ஒரே மின்சுற்றுப் பலகையில் முழுக் கணினியும் அடங்கிய ஒற்றைப் பலகைக் கணினிகளைக் கொண்டு வீட்டில் செய்து பார்க்கக்கூடிய வேலைகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுள் ஒத்தவற்றை ஒன்றாக்கி, இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு ஒரு ராஸ்பெரி பை வாங்கினேன். லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, திரையில் படம் வருவதைப் பார்த்து மகிழ்ந்து, பிறகு இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். அதைக் கொண்டு என்னதான் செய்வது?

பதில்: இதே நிலையில் இருப்பதாகப் பலர் எழுதியிருப்பதால் உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். பலகை இழுப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதை அளவில் சிறுத்த மேசைக் கணினி என்று கருதித் திரையையும் விசைப்பலகையையும் இணைத்துப் பார்க்கிறோம், அதைவிட வேகமான மடிக்கணினி பக்கத்திலேயே இருப்பதால் மறுநாள் அதை இயக்குவதற்கு ஒரு முகாந்திரமும் கிடைப்பதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஸ்பெரி பை அறக்கட்டளையினர் 2012 பிப்ரவரி 29 அன்று வெளியிட்ட முதல் பலகையில் 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும்தான் இருந்தன. மாணவர்கள் அச்சமின்றி நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2015 நவம்பரில் வந்த பை ஜீரோ என்னும் பலகையை ஆங்கில இதழ் ஒன்று தன் அட்டையிலேயே ஒட்டி இலவசமாகக் கொடுத்தது. (இச்செய்தியை எங்கள் ஆசிரியரிடம் குறிப்பாகச் சொன்னேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.)

மடிக்கணினிக்குப் பொருந்தாத இரண்டு தன்மைகள் இப்பலகையிடம் இருக்கின்றன. இரவும் பகலும் ஓசையின்றி, மூன்று வாட் அளவே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அது விழித்திருக்கும். விளிம்பில் உள்ள 40 ஊசிகளின் வழியே வெளியுலகை நேரடியாகத் தொடும். ஆகவே ஒரே ஒரு வேலையை, அதுவும் நின்றுபோனால் வீட்டில் ஒருவராவது கவனித்துக் கேட்கக்கூடிய வேலையை, அதனிடம் ஒப்படையுங்கள்.

முதல் வேலையாக நான் எப்போதும் சொல்வது வெப்பநிலைப் பதிவேடு. டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரி (சென்சார்) ஒரு டிரான்சிஸ்டர் அளவில் இருக்கும். மூன்று கம்பிகள், ஒரு 4.7 கிலோஓம் மின்தடை, அவ்வளவுதான். ஒவ்வோர் உணரிக்கும் தொழிற்சாலையிலேயே 64 பிட் நீளமுள்ள தனி எண் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒரே கம்பியில் வரிசையாக ஐந்தாறு உணரிகளை மாட்டினாலும் எது எது என்று பலகை பிரித்தறியும். நீர்புகாக் குழாய்க்குள் அடைத்த வகையில் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டிக்குள்ளும், ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியிலும், ஒன்றைப் படுக்கையறையிலும், ஒன்றை வெளியில் நிழலிலும் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்தால் ஒரு நாளைக்கு 288 வரிகள், ஓராண்டுக்கு 1,05,120 வரிகள். வரிக்கு 25 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கோப்பு மூன்று மெகாபைட்டைத் தாண்டாது. நிரல் எழுதும்போதல்ல, முதல் வாரத்து வரைபடத்தைப் பார்க்கும்போதுதான் சுவை தொடங்கும். கம்ப்ரசர் ஓடி நிற்பதால் குளிர்பதனப் பெட்டியின் கோடு ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும். நள்ளிரவில் யார் கதவைத் திறந்தார்கள் என்பதும் அதில் பதிந்திருக்கும். வெளியில் வெயில் உச்சத்தைத் தொட்டுப் பல மணி நேரம் கழித்தே அறையின் சுவர் சூட்டை உள்ளே விடுகிறது என்பதை எண்களாகவே காண்பீர்கள்.

கேள்வி: அப்படி ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறேன். மின்வெட்டுக்குப் பிறகு சில பதிவுகளில் நேரம் தவறாக இருக்கிறதே?

பதில்: ராஸ்பெரி பை 5 வருவதற்கு முந்தைய மாதிரிகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. பலகை எழுந்ததும் தான் கடைசியாகச் சேமித்த நேரத்தை எடுத்துக்கொண்டு, இணையம் கிடைத்த பிறகே சரியான நேரத்துக்குத் தாவுகிறது. இடையில் எழுதிய வரிகள் பழைய நேரத்தைத் தாங்கியிருக்கும். நாணய வடிவப் பேட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லை இரண்டு தரவுக் கம்பிகளில் இணைத்தால் தீர்ந்தது. இணையமே எட்டாத இடத்தில் பலகையை வைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

கேள்வி: தொட்டிச் செடிகளுக்குத் தானாகவே தண்ணீர் ஊற்றும் அமைப்பு ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். ராஸ்பெரி பை, அர்டுயினோ, பிக்கோ இவற்றில் எது ஏற்றது?

பதில்: இந்த மூன்றும் ஒரே கடை அலமாரியில் இருப்பதால் ஒரே இனம் என்று தோன்றும், உண்மையில் ராஸ்பெரி பை இயங்குதளத்தோடு கூடிய முழுக் கணினி, மற்ற இரண்டும் ஒரே ஒரு நிரலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள். பரவலான அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் 2 கிலோபைட் நினைவகம்தான் உண்டு; 2021 ஜனவரியில் வந்த பிக்கோவில் 264 கிலோபைட். படிக்கும்போது சிரிப்பு வரலாம், ஆனால் ஈரத்தை அளந்து பம்பை ஓட்டுவதற்கு அது தாராளம். மின்சாரம் வந்த நொடியே அவை வேலையைத் தொடங்கும். நடுவில் பிடுங்கினாலும் எதுவும் கெடாது. இதற்கு மேல், மண்ணின் ஈரத்தைச் சொல்லும் உணரி ஏறி இறங்கும் மின்னழுத்தமாகத்தான் விடை தருகிறது. அதைப் படிக்கும் அனலாக் உள்ளீடு பிக்கோவிலும் அர்டுயினோவிலும் உண்டு, ராஸ்பெரி பையில் இல்லை. ஆகவே செடிக்குப் பிக்கோவையே பரிந்துரைப்பேன்.

பலகையைவிட மற்ற பாகங்களில்தான் இந்த வேலை தோற்கிறது. இரண்டு உலோகக் கால்களை மண்ணில் குத்தி வைக்கும் மலிவான உணரி, மின்னாற்பகுப்பால் சில வாரங்களிலேயே அரித்துப்போகும். கொள்திறன் (கெப்பாசிட்டிவ்) முறையில் அளக்கும், உலோகம் வெளியே தெரியாத வகையை வாங்குங்கள். பம்பை ஒருபோதும் பலகையின் ஊசியிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். ஊசி தரக்கூடியது சில மில்லிஆம்பியர் மட்டுமே என்பதால் இடையில் ஒரு மாஸ்ஃபெட் (சிறு சைகையால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) வேண்டும், மோட்டார் நிற்கும்போது திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தை விழுங்க ஒரு டயோடும் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செடியைவிட உயரத்தில் வைத்தால், பம்பு நின்ற பிறகும் வடிகுழாய்த் தத்துவப்படி பாத்திரம் காலியாகும் வரை தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். நிரலில் பிழை தேடி ஒரு முழு மாலையை இழந்த பிறகுதான் இதை நான் கற்றுக்கொண்டேன். பாத்திரம் செடிக்குக் கீழே இருக்கட்டும், சிறியதாகவும் இருக்கட்டும். அப்போது எது பழுதானாலும் ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் தரையில் கொட்டாது.

கேள்வி: ஓராண்டில் மூன்றாவது மெமரி கார்டும் பழுதாகிவிட்டது. பலகையில் ஏதேனும் குறை இருக்குமா?

பதில்: பலகையைச் சந்தேகிப்பதற்கு முன் அதற்குச் செல்லும் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். எனது முதல் பலகையும் கார்டுகளைத் தின்றுகொண்டுதான் இருந்தது. கார்டு செய்தவர்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டே புதியவற்றை வாங்கினேன். ஒரு நாள் பலகையின் 5 வோல்ட் ஊசியில் மல்டிமீட்டரை வைத்தபோது 4.5 தான் காட்டியது. கைபேசிக்கு வந்த மெல்லிய சார்ஜர் வயரின் மின்தடை போக வர கால் ஓம் இருந்தாலே, இரண்டு ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும் என்றாலும், திரையே இல்லாமல் ஓடும் பலகையில் அதைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? பலகைக்கென்றே விற்கும் சார்ஜர்கள் 5.1 வோல்ட் தருவது இந்த வழிச்சேதத்தை ஈடுகட்டத்தான்.

இரண்டாவது காரணம் கார்டின் இயல்பிலேயே இருக்கிறது. அதிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழிக்க இயலாது. பெரிய தொகுதியாகத்தான் அழிக்கலாம். பதிவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலும் உள்ளே ஒரு தொகுதி முழுவதும் வேறிடத்தில் எழுதப்பட நேரலாம். அந்தக் கணத்தில் மின்சாரம் போனால், நீங்கள் தொடவே தொடாத வேறொரு கோப்பும் சேர்ந்து சிதையும். அடிக்கடி எழுதும் பதிவுகளை நினைவகத்தில் திரட்டி வைத்து மணிக்கொரு முறை கார்டில் எழுதும்படி மாற்றுங்கள். எதையும் சேமிக்கத் தேவையில்லாத வேலை என்றால், அமைப்புப் பட்டியலில் உள்ள ஓவர்லே வசதியை இயக்கிக் கார்டைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக ஆக்கிவிடலாம். பிறகு மின்சாரத்தை எப்போது பிடுங்கினாலும் கவலையில்லை. கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று நீடித்து உழைக்கும்படி செய்யப்பட்ட கார்டுகள் சற்றுக் கூடுதல் விலையிலும் வாங்கத்தக்கவை. புதிதாக வாங்கியதும் கார்டின் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். உறையில் உள்ள எண்ணுக்கும் உள்ளே உள்ளதற்கும் தொடர்பில்லாத போலிகள் உலவுகின்றன.

கேள்வி: என் மகள் பள்ளிச் செய்முறைக்காகத் தொலைவு அளக்கும் மீயொலி உணரியை இணைத்தாள். சில நிமிடங்கள் சரியாக ஓடிய பிறகு அந்த ஊசி வேலை செய்யவில்லை. என்ன தவறு செய்தாள்?

பதில்: அவள் வாங்கியது எச்.சி-எஸ்.ஆர்04 என்னும் பரவலான உணரியாக இருக்க வேண்டும். அது 5 வோல்ட்டில் இயங்கி, விடையையும் 5 வோல்ட்டிலேயே அனுப்புகிறது. ராஸ்பெரி பையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. உணரியின் விடைக் கம்பியில் 1 கிலோஓம் மின்தடையைத் தொடராகவும், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 2 கிலோஓம் மின்தடையையும் இணைத்தால் 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 வோல்ட்டாகக் குறையும். அந்தச் சந்திப்பிலிருந்து ஊசிக்குக் கம்பி கொடுக்க வேண்டும். கெட்ட ஊசியை விட்டு வேறோர் ஊசியில் தொடரலாம், மற்றவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அளவு ஓரிரு சென்டிமீட்டர் தாவினால் அவள் மேல் பிழையில்லை: ஒலி ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப 58 மைக்ரோநொடிதான் ஆகிறது, லினக்ஸோ இடையில் வேறு வேலைகளையும் கவனிக்கப் போய்விடுகிறது. பத்து அளவுகள் எடுத்து அவற்றின் நடுமதிப்பைக் கொள்ளச் சொல்லுங்கள். ஒரு ஊசியைக் கருக்கியவள் இனி எந்தச் சில்லை எடுத்தாலும் அதன் மின்னழுத்தத்தை முதலில் பார்ப்பாள். செய்முறை மதிப்பெண்ணில் இதற்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

கேள்வி: இதையே என் அன்றாடக் கணினியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ராஸ்பெரி பை 4 அல்லது 5, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தோடு இருந்தால் கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் போதும். ஆனால் திரை, விசைப்பலகை, பெட்டி, சார்ஜர், சேமிப்பகம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு, பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிக்கொள்வதே மேல் என்றுதான் பெரும்பாலும் முடியும்.

கேள்வி: வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் விளம்பரங்களைத் தடுக்க இப்பலகை உதவும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெருமளவுக்கு உண்மை. கைபேசியோ தொலைக்காட்சியோ ஒரு தளத்தை அணுகுவதற்கு முன் அத்தளத்தின் எண் முகவரி என்ன என்று ஒரு டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கிறது. பை-ஹோல் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, ரவுட்டரில் அப்பலகையையே டிஎன்எஸ் சேவையகமாகக் குறித்துவிட்டால், விளம்பர நிறுவனங்களின் முகவரியைக் கேட்கும்போது அது வெற்று விடையைத் தந்து அனுப்பிவிடும். இந்த வேலைக்குப் பை ஜீரோவே போதும். காணொளியும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து வந்தால் இதனால் பிரிக்க இயலாது; மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸைத் தாமே பயன்படுத்தும் செயலிகள் இதைக் கேட்காமலேயே கடந்துவிடும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாகப் பொதுச் சேவையகம் ஒன்றைப் போட்டால், கருவிகள் அதையும் விருப்பம்போல் பயன்படுத்தும், விளம்பரங்கள் அவ்வழியே நுழையும். போடாவிட்டால், பலகை நின்ற நாளில் வீடு முழுவதும் இணையம் நின்றதாகத் தோன்றும். நான் போடாமல் விடுவதையே ஏற்றுக்கொண்டேன், நான் இல்லாதபோது பழைய நிலைக்குத் திருப்பும் முறையை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அருகில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: குடும்பத்தின் படங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேமிக்க, பலகையில் இரண்டு வன்தட்டுகளை இணைத்து வீட்டுச் சேமிப்பகமாக மாற்றலாமா?

பதில்: எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. ராஸ்பெரி பை 3பி வரை யுஎஸ்பியும் வலையிணைப்பும் ஒரே குறுகிய பாதையைப் பகிர்ந்துகொண்டன. 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அதாவது ஒரு டெராபைட்டை ஏற்றிமுடிக்க ஒரு நாள் போய்விடும். 2019 ஜூனில் வந்த பை 4 இரண்டையும் பிரித்து, முழு ஜிகாபிட் இணைப்பையும் யுஎஸ்பி 3ஐயும் தந்ததால் அதே வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடியும். வன்தட்டுகளுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள்; பலகையின் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும், இரண்டு தட்டுகள் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போது அது போதாது. இரண்டாவது தட்டை முதல் தட்டின் கண்ணாடிப் பிம்பமாக வைப்பதைவிட, இரவுதோறும் நகலெடுக்கும் தனித் தட்டாக வையுங்கள். பிம்பத்தில், தவறுதலாக அழித்த படம் இரண்டிலும் அதே நொடியில் அழிந்துவிடும்.

கேள்வி: மரத்தில் மாட்டிய பறவைப் பெட்டிக்குள் கேமரா வைத்துக் கூடு கட்டுவதைப் படமெடுக்க விரும்புகிறேன். இரவில் ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், பறவை கூட்டைக் கைவிட்டுப் போகக்கூடும். அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய கேமராவையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கையும் பயன்படுத்துங்கள். 850 நானோமீட்டர் விளக்கில் மங்கிய செந்நிறம் கண்ணுக்குத் தெரியும். (ஃபிளாஷைப் பற்றிக் கேட்டதும் எனக்கு 2015 தான் நினைவுக்கு வந்தது: அப்போது புதிதாக வந்த பை 2 பலகையை செனான் ஃபிளாஷோடு படம் எடுத்தவர்கள், பலகை அணைந்து மறுபடி எழுவதைக் கண்டு திகைத்தார்கள். உறையின்றி இருந்த மின்வழங்கிச் சில்லின் மேல் ஒளி பட்டு, ஒளிமின் விளைவால் அது தடுமாறியது. அதன் மேல் மறைப்பு ஒன்றை ஒட்டியதும் சரியாயிற்று.)

பெட்டிக்குள் பறவைக்கும் வில்லைக்கும் இடையே ஒரு சாண் தொலைவுகூட இருக்காது. பழைய கேமராக்களின் குவியம் தொலைவுக்கு அமைக்கப்பட்டிருப்பதால் வில்லையைத் திருகித்தான் தெளிவாக்க வேண்டும், 2023 ஜனவரியில் வந்த ராஸ்பெரி பையின் மூன்றாம் தலைமுறைக் கேமராவுக்குத் தானாகக் குவியும் வசதி உண்டு. இவற்றை எல்லாம் கூடு கட்டும் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு நாளின் 288 படங்கள், நொடிக்கு 24 வீதம் ஓட்டும்போது 12 நொடிக் காட்சியாகும். கூடு கட்டி முடிக்கும் வரையான இரண்டு வாரங்கள் மூன்று நிமிடங்களுக்குள் அடங்கும். 10,000 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்ட பவர்பேங்கில், உள்ளேயுள்ள செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் என்பதால், 37 வாட் மணிதான் இருக்கிறது. மாற்றத்தில் இழப்பது போக 30 என்று கொள்ளுங்கள். பை ஜீரோவும் கேமராவும் சராசரி 1 வாட் எடுத்தால் 30 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே மின்கம்பியை மரம் வரை இழுக்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அந்தக் காட்சியை வெளியூரிலிருந்தும் பார்க்கும்படி ரவுட்டரில் வழி திறந்துவிடலாமா?

பதில்: திறக்க வேண்டாம். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலை கொடுத்த கடவுச்சொல்லையே வைத்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. ராஸ்பெரி பையின் இயங்குதளத்திலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் 2022 ஏப்ரல் வரை இருந்தன. வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி) ஒன்றைப் பலகையில் நிறுவி, அதன் வழியாக மட்டும் வீட்டுக்குள் நுழையுங்கள்; பறவையை நீங்கள் பார்க்கலாம், உங்கள் வீட்டை மற்றவர் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2012இல் வாங்கிய முதல் மாதிரி. இனி பயனுண்டா?

பதில்: இணையப் பக்கங்களைத் திறப்பதற்கு இல்லை, மேலே சொன்ன வெப்பநிலைப் பதிவேட்டுக்கும் விளம்பரத் தடுப்புக்கும் தாராளமாக உண்டு. வரைகலைத் திரை இல்லாத 32 பிட் இயங்குதளத்தை நிறுவுங்கள். வைஃபை இல்லாததால் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வலைக்கம்பியால் இணையுங்கள். உங்கள் பலகையில் 26 ஊசிகள்தான் இருக்கும்; அவை பின்னர் வந்த 40 ஊசிகளின் முதல் 26ஐ ஒத்தவை என்பதால் புதிய வழிகாட்டிகளையே பின்பற்றலாம். முதல் திருத்தப் பலகையாக இருந்தால் 3, 5, 13 ஆகிய மூன்று ஊசிகளை நிரலில் குறிக்கும் எண்கள் மட்டும் மாறியிருக்கும். வெப்ப உணரி வழக்கமாகச் செல்லும் 7ஆம் ஊசியில் மாற்றமில்லை.